ஆழ்கடல் குளிர்க் கசிவுகளும் அங்கே வாழும் உயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூத்தூர், வள்ளவிளை, நீரோடி தொடங்கி எல்லை தாண்டி பொழியூர், விழிஞ்ஞம் வரை ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர்களும், கல்லூரியில் படிக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம். ஆழங்கள் மீட்டரில் உள்ளன. பாகக் கணக்கில் பழகியவர்கள் 1000 மீட்டரை ஏறக்குறைய 550 பாகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கோல்டு சீப்னா என்ன? கடலுக்கு அடியில குளிர்ந்த தண்ணி ஊறுற இடமா?

கடல்தரைச் சேற்றுக்குள்ளிருந்து மீத்தேனும், ஹைட்ரஜன் சல்பைடு கலந்த நீரும், சில இடங்களில் கச்சா எண்ணெயும் மெல்லக் கசிந்து வெளிவரும் இடம் அது. தமிழில் குளிர்க் கசிவு என்கிறோம். கசிகிற நீர் சுற்றியுள்ள கடல்நீரைவிடக் குளிர்ந்தது அல்ல, அதே வெப்பநிலைதான். 1977ல் காலபகோஸ் அருகே 350 டிகிரியைத் தொடுகிற வெந்நீர் ஊற்றுகளின் குடும்பத்தைச் சேர்ந்த ஊற்றுகள் முதலில் கண்ணில் பட்டுவிட்டன. அவற்றோடு ஒப்பிட்டுத்தான் இதற்கு 'குளிர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

விலங்குக் கூட்டத்தோடு கூடிய முதல் கசிவு 1983ல் மெக்சிகோ வளைகுடாவில், ஃபுளோரிடாச் சரிவின் அடிவாரத்தில், 3200 மீட்டருக்கும் கீழே ஆல்வின் நீர்மூழ்கி இறங்கியபோது அகப்பட்டது. மீத்தேன் இரண்டு வழியில் உண்டாகிறது. ஒன்று, சேற்றில் புதைந்த பழைய உயிர்ப்பொருளை நுண்ணுயிர்கள் சிதைப்பது. மற்றது, இன்னும் ஆழத்தில் பூமியின் சூட்டில் அது வெந்து வாயுவாவது. மேலே இருக்கும் வண்டலின் பாரமும் தரையிலுள்ள விரிசல்களும் அதை மேல்நோக்கித் தள்ளுகின்றன.

வெயிலே படாத இடத்துல இதுகள் எல்லாம் எதைத் தின்னு சீவிக்குது? மீத்தேனைத் தின்னுதா?

விலங்கு எதுவும் மீத்தேனை நேராகத் தின்பதில்லை. வேலை முழுவதும் நுண்ணுயிர்களுடையது, அதுவும் இரண்டு கட்டமாக நடக்கிறது. சேற்றுக்குள், ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில், மீத்தேனைச் சிதைக்கும் ஆர்க்கியா என்ற தனிவகை நுண்ணுயிர்களும் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றும் பாக்டீரியாக்களும் ஒன்றையொன்று ஒட்டிச் சிறு உருண்டைகளாக வாழ்கின்றன. அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு அப்பாலுள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் சேற்றில் 2000ஆம் ஆண்டு இந்தக் கூட்டணியை நுண்நோக்கியில் தெளிவாகக் கண்டார்கள். மேலேறி வரும் மீத்தேனும் கடல்நீரிலிருந்து கீழிறங்கும் சல்பேட்டும் சந்திக்கிற இடத்தில் இவை இருக்கும். இவற்றின் வேலையில் மிஞ்சுவது சல்பைடும் பைகார்பனேட்டும். உலகக் கடல்தரைகளில் மேலேறும் மீத்தேனின் பெரும்பங்கு நீரை எட்டும் முன்பே இப்படித் தீர்ந்துவிடுகிறது.

அடுத்த கட்டம் விலங்குகளின் உடலுக்குள் நடக்கிறது. அங்கே குடியிருக்கும் பாக்டீரியாக்கள் சல்பைடை ஆக்சிஜனோடு சேர்த்து எரித்து, அந்த ஆற்றலில் கரியமில வாயுவை உணவாக்குகின்றன. மீத்தேனையே ஆக்சிஜனோடு எரிக்கும் வகையும் உண்டு. எரிபொருள் கீழே சேற்றில் இருக்கிறது, ஆக்சிஜனோ மேலே நீரில் இருக்கிறது. நீரில் கலந்தால் சல்பைடு வெகுநேரம் தாங்காது, ஆக்சிஜனோடு சேர்ந்து வீணாகிவிடும். ஆகவே இரண்டையும் தனித்தனியாக இழுத்து உடலுக்குள் சேர்க்கத் தெரிந்த விலங்குதான் அங்கே செழிக்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி தானாகவே விளங்கும்.

அழுகின முட்டை நாத்தம் அடிக்கிற அந்த கேஸ் விஷமாச்சே. அதுல இருந்துகிட்டு ஏன் சாகல?

விஷமேதான். கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர்கள் மயங்கி விழுவதற்கு முக்கியமான காரணம் இதே ஹைட்ரஜன் சல்பைடு. உயிரணு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசிப் படியிலுள்ள ஒரு நொதியில் போய் உட்கார்ந்து மூச்சை அடைத்துவிடுகிறது.

கசிவு விலங்குகள் அதை இரத்தத்தில் தனியாக அலைய விடுவதில்லை. குழாய்ப்புழுவின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை ஓரிடத்திலும் சல்பைடை வேறோரிடத்திலும் பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மூலக்கூறில் பயணம் செய்தும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மட்டிகளின் இரத்தத்தில் சல்பைடைப் பிடிக்கத் துத்தநாகம் கொண்ட தனிப்பொருள் இருக்கிறது. பாக்டீரியா குடியிருக்கும் திசுவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகே சல்பைடு விடுபடுகிறது.

வாயும் வயிறும் இல்லாத புழு உண்டுன்னு சொன்னாங்க. அது எப்படி?

லாமெலிப்ராக்கியா, எஸ்கார்ப்பியா போன்ற குழாய்ப்புழுக்கள் அவை. வளர்ந்த புழுவுக்கு வாயும் இல்லை, குடலும் இல்லை. உடலின் நடுப்பகுதி முழுவதும் பாக்டீரியா நிரம்பிய ஒரு திசு. உணவு முழுக்க அங்கிருந்தே வருகிறது. மேலே குழாயின் வாயில் நீட்டி நிற்கும் சிவந்த குஞ்சம் ஆக்சிஜனை இழுக்கும். கீழே உடலின் பின்பகுதி மெல்லிய வேராகச் சேற்றுக்குள் இறங்கிச் சல்பைடை உறிஞ்சும். குஞ்சத்தைச் சுற்றியுள்ள நீரில் சல்பைடு கொஞ்சமும் இல்லாவிட்டாலும் புழு நன்றாக இருப்பது இந்த வேரால்தான். வேர் வழியே சல்பேட்டைத் திரும்பச் சேற்றில் விட்டு, இரண்டாம் பதிலில் சொன்ன நுண்ணுயிர்க் கூட்டணிக்குத் தீனி போடுகிறது என்றும் கணிக்கிறார்கள்.

இதன் வளர்ச்சி மிக மெதுவானது. வெந்நீர் ஊற்றில் வாழும் அதன் உறவான ரிஃப்டியா இரண்டே ஆண்டுகளில் ஒன்றரை மீட்டர் வளர்ந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவின் லாமெலிப்ராக்கியா லூய்மெசி 2 மீட்டரை எட்ட 170 முதல் 250 ஆண்டுகள் ஆகின்றன. எஸ்கார்ப்பியா லாமினாட்டா 300 ஆண்டுகளைத் தாண்டும் என்று 2017ல் கணக்கிட்டார்கள். ஊற்று எந்த நேரமும் அடைபடலாம், ஆகவே அங்கே அவசரம் வேண்டும். கசிவு நூற்றாண்டுக் கணக்கில் நின்று ஊறும் என்பதால் இங்கே அவசரம் இல்லை.

நம்ம பாறையில முக்குளிச்சு எடுக்கிற சிப்பியும் அங்க இருக்கிறதும் ஒண்ணுதானா? தின்னலாமா?

இரண்டும் ஒரே குடும்பம். விழிஞ்ஞத்திலும் குமரிக் கரையிலும் எடுக்கிற பழுப்புச் சிப்பிக்கும் பேத்திமோடியோலஸ் என்ற ஆழ்கடல் சிப்பிக்கும் உருவம் ஒத்தே இருக்கும். அளவில்தான் பெரிய வித்தியாசம். ஆழ்கடல் இனங்களில் சில 30 சென்டிமீட்டரைத் தாண்டும். பிளந்து பார்த்தால் செவுள் மிகத் தடித்திருக்கும், ஏனென்றால் பாக்டீரியா குடியிருப்பது அங்கேதான். சில இனங்களில் மீத்தேன் எரிக்கும் வகை மட்டும் இருக்கும், சிலவற்றில் சல்பைடு வகையும் கூடவே இருக்கும். மீத்தேனை மட்டுமே கொடுத்து ஆய்வகத்தில் இவற்றை வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். குடல் சிறுத்திருந்தாலும் வேலை செய்யும், நீரை வடிகட்டித் தின்னவும் இவற்றால் முடியும். சில இனங்களின் ஓட்டுக்குள், செவுளை ஒட்டியே, பிராஞ்சிபாலினோய் என்ற செதில்புழு ஒன்று குடியிருக்கும். சிப்பி சேர்த்துவைக்கும் உணவில் அதுவும் பங்கு எடுத்துக்கொள்கிறது.

தின்ன வேண்டாம். சல்பைடும் எண்ணெயும் ஊறிய உடல் அது, உலகில் யாரும் உணவுக்காக எடுப்பதுமில்லை.

கேமரா இறக்கின படத்துல ஒரு இடத்துல சிப்பி, ஒரு இடத்துல மட்டி, இன்னொரு இடத்துல வெறும் வெள்ளைப் பாசி. எல்லாம் ஒரே கசிவுதானே, ஏன் இப்படி?

கசிவின் வேகத்தைத் தரையில் எழுதிவைத்த வரைபடம் என்றே அதை வாசிக்கலாம். வெள்ளையாகவோ ஆரஞ்சாகவோ தெரிவது பாசி அல்ல. பெக்கியடோவா என்ற இழை பாக்டீரியாவின் பாய். சல்பைடு தரையின் மேற்பரப்பை ஒட்டி வந்து நிற்கும் இடத்தில், அதாவது கசிவு வேகமாக உள்ள இடத்தில் அது விரியும். ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் சமாளிக்க நைட்ரேட்டைத் தன் உடலிலேயே சேமித்துவைத்திருக்கும்.

கசிவு கொஞ்சம் தணிந்து, சல்பைடு சில சென்டிமீட்டர் கீழே இருக்கும் இடம் கலிப்டோஜீனா வகை மட்டிகளுக்கு உரியது. ஓட்டில் பாதியைச் சேற்றில் புதைத்து, காலைக் கீழே நீட்டிச் சல்பைடை இழுத்து, மேல்பக்கம் செவுளால் ஆக்சிஜனை வாங்கும். இரத்தம் சிவப்பு என்பதால் ஓட்டைத் திறந்தால் மாமிசம் இரத்தம் தோய்ந்தது போலிருக்கும். கால் எட்டாத ஆழத்துக்குச் சல்பைடு போய்விட்டால் மட்டி நகர்ந்துவிடும். அது ஊர்ந்த தடத்தைப் படத்தில் பார்க்கலாம். இன்னும் விளிம்பில், கசிவு மிகக் குறைந்த இடத்தில், ஆழமாக வளை தோண்டும் அக்காரக்ஸ் என்ற மட்டி வாழும். தரைக்கு மேலே எதுவும் தெரியாததால் படம் பார்ப்பவர்கள் 'இங்கே ஒன்றுமில்லை' என்று கடந்துபோவது இந்த இடத்தில்தான். மண்ணை உருளைக் குழாயில் எடுத்துப் பார்த்தால்தான் இருப்பது தெரியும். சிப்பிக்குச் சேறு ஆகாது. ஒட்டிக்கொள்ளக் கல் வேண்டும், பக்கத்திலேயே மீத்தேன் கலந்த நீரும் வேண்டும்.

அந்தக் கல்லு எங்க இருந்து வந்தது? சேத்துக்கு நடுவுல பார் எப்படி முளைக்கும்?

இரண்டாம் பதிலில் சொன்ன பைகார்பனேட் கடல்நீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து சுண்ணாம்புக் கல்லாகச் சேற்றுக்குள் இறுகுகிறது. மேல்மண் நீரோட்டத்தில் அரித்துப் போனால் கல் பாளமாக வெளியே தெரியும். கசிவு நின்ற பிறகும் இந்தக் கல் அப்படியே கிடக்கும். மெக்சிகோ வளைகுடாவில் ஆறிப்போன கசிவுகளின் கற்கள்மேல் இப்போது ஆழ்கடல் பவளங்கள் வளர்கின்றன. அவற்றுக்கு மீத்தேன் தேவையில்லை, பிடிமானம் போதும்.

இதுகளைத் தின்ன யாரும் வர்றதில்லையா? மீன், நண்டு ஒண்ணும் கெடையாதா?

நிறைய உண்டு. பாக்டீரியாப் பாயை மேயும் நத்தைகள், சிப்பிக் கூட்டத்தின் இடுக்குகளில் இறால்கள், நண்டுகள் எல்லாம் இருக்கும். கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பால், வணிகத்துக்குப் பிடிபடும் டேனர் நண்டுகள் கசிவுக்கு வந்து சேற்றைக் கிளறி நுண்ணுயிர்களைத் தின்பதை 2019ல் பதிவு செய்தார்கள். ஆழத்து மீத்தேன் இப்படித்தான் மனிதர் வாங்கும் நண்டு வரை வந்து சேர்கிறது. சிலியிலும் மத்தியதரைக் கடலிலும் முட்டையிடும் சுறா, திருக்கை வகைகள் கசிவுப் பகுதியில் முட்டைப் பைகளை விட்டுச் செல்கின்றன.

விநோதமானவை இரண்டு. கோஸ்டாரிகாவின் கசிவுகளில் கிடைத்து 2011ல் பெயர் சூட்டப்பட்ட கீவா புராவிடா நண்டு, தன் கொடுக்கு மயிரில் பாக்டீரியாவை வளர்த்து, அவற்றுக்கு ஆக்சிஜனும் சல்பைடும் ஓயாமல் கிடைக்கும்படி கொடுக்கை விடாமல் அசைத்துக்கொண்டே இருக்கும். பிறகு வாயுறுப்பால் மயிரைச் சீவித் தின்னும். இன்னொன்று, மெக்சிகோ வளைகுடாவில் 1997ல் கண்ட பனிப்புழு. மீத்தேன் ஹைட்ரேட் (மீத்தேனை உள்ளே அடைத்துவைத்த பனிக்கட்டி போன்ற பொருள்) கட்டியின் மேலேயே சிறு குழி பறித்து அது வாழ்கிறது.

ஒரு கசிவுக்கும் அடுத்த கசிவுக்கும் எத்தனையோ கடல்மைல். குஞ்சுகள் எப்படிப் போய்ச் சேரும்?

லார்வாக்கள் நீரோட்டத்தில் மிதந்து போகும், பெரும்பாலானவை சேராமலே அழியும். மெக்சிகோ வளைகுடாவின் ஒரு கசிவுச் சிப்பியின் லார்வா ஓராண்டுக்கும் மேல் மிதந்து திரியக்கூடியது. மேல்மட்ட நீர் வரை வந்து நுண்பாசியைத் தின்று வளரும். குழாய்ப்புழு லார்வா முட்டைக் கருவின் சேமிப்பைக் கொண்டு சில வாரங்கள்தான் தாங்கும்.

பாக்டீரியாவைக் கூட எடுத்துப் போவதிலும் இனத்துக்கு இனம் வித்தியாசம் உண்டு. மட்டி தன் முட்டையிலேயே வைத்து அனுப்பிவிடும். சிப்பியும் குழாய்ப்புழுவும் வெறுங்கையோடு போய், இறங்கிய இடத்தில் இருப்பதைப் பெற்றுக்கொள்ளும். சரியான பாக்டீரியா அங்கே இல்லையென்றால் அந்தக் குஞ்சு பிழைக்காது.

நம்ம பக்கம் உண்டா? கேரளக் கடல்ல?

இந்தியக் கடலில் உறுதியாகப் பதிவானது வங்கக் கடல் பக்கம், ஆந்திராவின் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில். கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் சிந்து சாதனா கப்பல் 2018ல் போய், 900 முதல் 1800 மீட்டர் ஆழத்தில் கசிவு இடங்களைக் கண்டது. தரைக்கு 2, 3 மீட்டர் கீழேயே மீத்தேன் ஹைட்ரேட்டும், தரையில் கசிவு உயிரினங்களும் கிடைத்தன. 2019ல் முடிவுகள் வெளியாயின.

மேற்கே நிலைமை வேறு. 2006ல் நடந்த தேசிய ஹைட்ரேட் தேடலில் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் கப்பல் கேரளா-கொங்கண் படுகையிலும் துளையிட்டது. ஹைட்ரேட் அகப்படவில்லை. அதே பயணத்தில் கிருஷ்ணா-கோதாவரியில் தடித்த அடுக்காகவே கிடைத்தது. பெரிய ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல்தான் அங்கே வாயுவுக்கு மூலதனம்.

ஆலப்புழ பக்கம் மழைக்காலத்துல சாகர வருமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

அல்ல. சாகர என்பது தென்மேற்குப் பருவமழையில் கரையோர ஆழமற்ற நீரில் சேறு கலங்கி அலையை அடக்கும் நிகழ்வு. அப்போது மீன் கூடுவதற்குக் காரணம் அமைதியான நீரும், அந்தப் பருவத்தில் கீழிருந்து மேலேறும் சத்துநீரில் பெருகும் மிதவை உயிர்களும். அதாவது முழுக்க வெயிலில் விளைந்த சாப்பாடு.

மேற்குக் கரையோரச் சேற்றில் வாயு அடைபட்டிருப்பது சோனார் படங்களில் தெரிகிறது என்பது உண்மை, குழப்பம் அதனால்தான் வருகிறது. ஆனால் ஏறத்தாழ 200 மீட்டருக்கு மேலேயுள்ள கசிவுகளில், கசிவை மட்டுமே நம்பி வாழும் விலங்குகள் மிகக் குறைவு. வேறு உணவு தாராளமாக இருப்பதும் வேட்டையாடிகள் அதிகம் இருப்பதும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றன.

எக்கோவுல தரையில இருந்து புகை மாதிரி எழும்பி நிக்குது. மீனா, கேஸா?

குமிழி ஒலியை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆகவே மீன்பிடி எக்கோவிலும் வாயுத் தூண் தெரியலாம். 200 கிலோஹெர்ட்ஸை விட்டு 50க்கு மாற்றுங்கள். ஆழத்துக்கு அதுதான் எட்டும். படகை மெதுவாக்கி, ஜிபிஎஸ்ஸில் இடத்தைக் குறித்து, வேறு வேறு திசையிலிருந்து அதே இடத்தின்மேல் இரண்டு மூன்று முறை போங்கள். தூணின் அடி ஒவ்வொரு முறையும் தரையின் அதே புள்ளியில் ஒட்டியிருந்து, மேல்பகுதி நீரோட்டத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் வாயுவாக இருக்க வாய்ப்பு அதிகம். மீன் கூட்டம் இடம் மாறும், கலையும். பொழுது சாய்ந்ததும் தரையை விட்டு மேலேறும் அடுக்கு மீனும் சிற்றுயிரும்தான்.

ஏமாற்றும் இடங்கள் இரண்டு. செங்குத்துச் சரிவில் பக்கவாட்டு எதிரொலி தூண் போலவே வரும், ஆனால் திசை மாற்றிப் போனால் வடிவம் மாறிவிடும். இரண்டாவது, ஒருமுறை பார்த்த தூண் அடுத்த முறை இல்லாமல் போவது. அதனால் மட்டும் வாயு இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். நீர் வற்றும்போது அழுத்தம் குறைந்து கசிவு கூடும், ஏறும்போது குறையும் இடங்கள் உண்டு. ஆழத்துத் தூண் மேற்பரப்பு வரை வராததும் இயல்பே. குமிழியிலுள்ள மீத்தேன் வழியிலேயே நீரில் கரைந்துவிடும்.

மடியில ஐஸ் கட்டி மாதிரி ஏதாவது ஏறினா என்ன செய்யணும்?

நடந்த சம்பவம் உண்டு. 2000ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் தீவுக்கு அப்பால் ஒரு இழுவைப் படகின் மடியில் ஒரு டன்னுக்கும் மேல் மீத்தேன் ஹைட்ரேட் ஏறிவந்தது. ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் சுமார் 164 கன மீட்டர் வாயு வெளிவரும். சீறிக்கொண்டு நுரைத்தால், அடுப்பு, பீடி, வெல்டிங் எல்லாவற்றையும் அணையுங்கள். மீன் அறைக்குள் போடவே கூடாது. மூடிய அறையில் வாயு தேங்கினால் ஒரு பொறி போதும், முட்டை நாற்றம் இருந்தால் மூச்சுக்கும் ஆபத்து. திறந்த தளத்தில் காற்று வரும் பக்கம் நின்று கடலிலேயே தள்ளிவிடுங்கள், இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தில் மறுபடி மடி இழுக்காமலிருப்பது இரண்டு பக்கத்துக்கும் லாபம். கசிவுக் கல்லில் மாட்டினால் மடி கிழியும். நியூசிலாந்தின் ஹிகுராங்கி கசிவுகளில் இழுவைத் தடங்களும் அறுந்த மடிகளும் கிடப்பதைப் படம் எடுத்திருக்கிறார்கள். இருநூறு ஆண்டில் வளர்ந்த புழுக்கூட்டம் ஒரே இழுப்பில் போய்விடும். ஆயிரங்கால் தூண்டிலால் வரும் சேதம் இதைவிட மிகக் குறைவு.

அப்போ சூரியனே இல்லாட்டாலும் இதுகள் பிழைச்சுக்கும், அப்படித்தானே?

பலரும் இப்படிச் சொல்கிறார்கள், ஆனால் முழுக்கச் சரியல்ல. சேற்றுக்குள்ளிருக்கும் நுண்ணுயிர்க் கூட்டணி ஆக்சிஜன் இல்லாமலே ஓடும். விலங்குகளால் அது முடியாது. சல்பைடையோ மீத்தேனையோ எரிக்க ஆக்சிஜன் வேண்டும், அந்த ஆக்சிஜன் வெயிலில் தாவரங்களும் நுண்பாசிகளும் விட்டது. தென்துருவப் பக்கம் குளிர்ந்து கீழிறங்கிய நீர்தான் அதை நம் ஆழ்கடல் வரை சுமந்து வருகிறது. மீத்தேனிலும் பெரும்பகுதி பண்டைய காலத்து மிதவை உயிர்களின் எச்சமே.

அரபிக்கடல்ல நடு ஆழத்துல ஆக்சிஜனே இல்லங்கிறாங்களே. அங்க கசிவு இருந்தா விலங்கு இருக்குமா?

முந்தைய பதிலுக்கு நேரடிச் சோதனையே அரபிக்கடலில் இருக்கிறது. இங்கே சுமார் 150 மீட்டரிலிருந்து 1000 மீட்டர் வரை ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு உண்டு. 2007ல் மெட்டியோர் என்ற ஜெர்மன் கப்பல் பாகிஸ்தானின் மக்ரான் கரைக்கு அப்பாலுள்ள கசிவுகளை வெவ்வேறு ஆழங்களில் பார்த்தது. அந்த அடுக்கின் நடுவில் கசிவு இருந்தும், பாக்டீரியாப் பாய் மட்டுமே விரிந்திருந்தது. அடுக்கின் கீழ் விளிம்பிலும் அதற்குக் கீழேயும்தான் மட்டிகளும் குழாய்ப்புழுக்களும் வந்தன.

ஆகவே கேரளச் சரிவில் கசிவு விலங்குகளைத் தேடுவதாக இருந்தால், கொல்லம் பக்கத்து ஆழ்கடல் இறால் பிடிக்கும் 200–400 மீட்டர் பகுதியில் தேடிப் பயனில்லை. முதலில் ஆக்சிஜன் அளவுமானியை இறக்கி அடுக்கின் அடிமட்டத்தைக் கண்டுகொண்டு, அதற்குக் கீழே வாயுத் தூண் தேடுவதுதான் முறை.